குறிஞ்சி என்று நான் காட்டிய பூ



2014-ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில் எங்கள் சபையின் வாலிபர்களை அழைத்துக்கொண்டு கொடைக்கானலுக்குச் சென்றிருந்தேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களின் பிள்ளைகள் அவர்கள். பாதிப்பேர் ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள். மீதிப்பேர் கல்லூரியிலும் ஐ.டி.ஐ.யிலும் படிப்பவர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதை வாடையை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். மலையை மட்டும் அவர்களில் பலர் அதுவரை பார்த்ததில்லை. விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல் வழியாக வேன் வத்தலக்குண்டைத் தாண்டி முதல் வளைவில் ஏறியபோது எழுந்த கூச்சல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் காலைத் தியானத்தில் மலைப்பிரசங்கத்தின் காட்டுப்புஷ்பங்களைக் குறித்துப் பேசினேன். பிறகு வட்டக்கானல் பக்கமாகச் சோலைக்குள் இறங்கும் நடைபாதையில் நடந்தோம். பாதையோரம் ஆளுயரப் புதரொன்றில் ஊதாநீலப் பூக்கள் கொத்துக்கொத்தாய்ப் பூத்திருந்தன. ஒரு தம்பி, “ஐயா, இது என்ன பூ?” என்றான். “இதுதான் குறிஞ்சி. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பது. நாம் கொடுத்துவைத்தவர்கள்” என்றேன். பிரசங்க பீடத்தில் பேசிப் பழகிய குரல் அல்லவா? ஒருவரும் சந்தேகப்படவில்லை. இருபத்துச் சொச்சம் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன.

சற்றுத் தள்ளிக் கேரட் கட்டும் வெள்ளரிக்காயும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா சிரித்துவிட்டார். “இது அது இல்லீங்க ஐயா. அது மரத்தடியில வராது. புல்லுமேட்டுல, வெயில் படுற சரிவுல, இடுப்பளவுக்கு நிக்கும். பூத்தா ஒரு செடி ரெண்டு செடி பூக்காது, மலையே பூக்கும். அதுக்கு இன்னும் நாலு வருசம் கெடக்கு.”

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அந்த அம்மாவிடம் நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், உறுதியாக நினைவில்லை. நினைவில் இருப்பது வெட்கம்தான். காலையில் நான் வாசித்த வசனத்தில் “கவனித்துப்பாருங்கள்” என்று தமிழில் இருக்கும் சொல், கிரேக்கத்தில் வெறும் பார்வையைக் குறிப்பதன்று. தீர விசாரித்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்னும் பொருளுடையது. புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மட்டுமே வரும் வினைச்சொல் அது. இறையியல் கல்லூரியில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான்.

ஊர் திரும்பியபின், ஒரு காட்டுப்பூவை இன்னதென்று எவ்வாறு உறுதிசெய்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடப்போன எனக்கு நம் கடற்கரையின் வரலாறே எதிரே வந்து நின்றது. தமிழ்நாட்டுப் பூக்களுக்கு முறையாகத் தாள் ஒட்டிப் பெயரெழுதி வைத்தவர்களுள் முன்னோடிகள் பலர் மிஷனைச் சேர்ந்தவர்கள்; சிலர் என்னைப் போன்ற போதகர்களே.

தொடக்கம் தரங்கம்பாடி. எங்கள் ஊரிலிருந்து தெற்கே சிதம்பரம், சீர்காழி கடந்தால் வந்துவிடும் ஊர்தான். அங்கிருந்த மிஷனுக்கு 1768-இல் மருத்துவராக வந்தவர் யோகான் கெர்ஹார்டு கோனிக். தாவரங்களுக்கு இரட்டைப்பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயசிடம் நேரில் பயின்றவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வயல்வரப்பிலும் மணல்மேட்டிலும் செடி பறித்துத் திரிந்தார். பிற்காலத்தில் ஆற்காட்டு நவாபிடமும், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் பணிசெய்து, 1785-இல் காக்கிநாடாவுக்கு அருகே காலமானார். அவரை நாம் அறியோம் என்று எண்ணவேண்டாம். நம் வீட்டு ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையின் தாவரவியற்பெயரில் இருக்கும் ‘கோனிகியை’ என்ற சொல் அவர் நினைவாக லின்னேயஸ் 1771-இல் வைத்தது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறோமே, அதில்தான் அவர் இருக்கிறார்.

கோனிக்கின் வட்டத்திலிருந்து இந்தக் கலையைக் கைக்கொண்டவர் யோகான் பேத்தர் ராட்லர். 1749-இல் ஸ்திராஸ்பர்க் நகரில் பிறந்து, 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1836-இல் சென்னையில் மரிக்கும்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்த போதகர். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்வந்த ஒரு பயணத்தில் வழிநெடுகக் கண்ட செடிகளைக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு 1803-இல் பெர்லினில் அச்சாயிற்று. அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவிலேதான் நம் கடலூர் இருக்கிறது. அதே 1803-இல், முன்பு கடலூரில் பல ஆண்டுகள் ஊழியம்செய்து பின் சென்னை சென்றிருந்த கெரிக்கே ஐயர் காலமானார். ராட்லரும் சென்னைக்குப் பெயர்ந்தார். பின்னாளில் வேப்பேரிச் சபையின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

செடியைப் பதம்செய்வது எளிய வேலை போலத் தோன்றும். நான் செய்து பார்த்துத் தோற்றிருக்கிறேன். பூவும் இலையும் தண்டும், கூடுமானால் காயும் வேரும், ஒன்றாகத் தாளிடையே விரிக்கவேண்டும். மேலே பாரம் ஏற்றவேண்டும். ஈரம் உறிஞ்சிய தாளை நாள்தோறும் மாற்றவேண்டும். ஐப்பசி மழையில் இரண்டு நாள் மறந்தால் பூஞ்சணம் பூத்துவிடும். மறக்காவிட்டாலும் எறும்பும் பூச்சியும் விடா. நிறம் போய்விடும் என்பதால் நிறத்தையும், எங்கே எப்போது பறித்தோம் என்பதையும் அன்றன்றே எழுதவேண்டும். ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், அடக்கம், பள்ளிக்கூடம், கடிதப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் நடுவில் இதை அறுபது ஆண்டுகள் ஒருவர் செய்தார் என்பதை எண்ணிப்பார்க்கிறேன். அவர் சேர்த்த தாள்கள் கடல் கடந்து, லண்டனில் கிங்ஸ் கல்லூரியில் இருந்து, பின்னர் கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்தன. இன்றும் அங்கே இருக்கின்றன.

ராட்லருக்கு இன்னொரு முகமும் உண்டு. தமிழ் படித்தோர் பலர் அந்த முகத்தையே அறிவார்கள். தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தார். முதற்பகுதி 1834-இல் வெளிவந்தது. முழுவதும் அச்சாகுமுன் அவர் மரித்துவிட்டதால் வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் 1841-இல் முடித்துவைத்தார்கள். அதில் செடிப்பெயர் வரும் இடங்களைப் புரட்டுங்கள். ஊர்மக்கள் வழங்கிய பெயருக்கு எதிரே தாவரவியற்பெயர் நிற்பதைக் காண்பீர்கள். செடி பறித்த கையே அகராதியும் எழுதியதனால் வந்த பயன் அது. இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது: வாயில் வழங்கும் சொல்லைக் கேட்டு, அது சுட்டும் பொருளின் முன் குனிவது.

ராட்லரைக் கௌரவிக்க ராக்ஸ்பர்க் என்னும் தாவரவியலார் ஒரு மரத்துக்கு ‘ராட்லெரா’ என்று பெயர் வைத்தார். கபிலப்பொடி என்று நம் நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் செம்பொடி அந்த மரத்தின் காய்மேல் படிந்திருப்பது. பட்டுக்குச் சாயமாகவும் வயிற்றுப்பூச்சிக்கு மருந்தாகவும் பயன்பட்டது. ஆனால் அந்தப் பெயர் நிற்கவில்லை. முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது தாவரவியலாரின் சட்டம். அதே வகை மரங்களுக்கு 1790-லேயே வேறொருவர் ‘மல்லோட்டஸ்’ என்று பெயரிட்டிருந்ததால் ராட்லெரா விலகவேண்டியதாயிற்று. அந்தப் பொடியிலிருந்து பிரித்தெடுத்த வேதிப்பொருள் ஒன்று மட்டும் ‘ராட்லெரின்’ என்று இன்னும் ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது. எங்கள் ஊரில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, “அது ஒரு பாஸ்டர் பேரா ஐயா?” என்று வியந்தார்கள்.

இனி மலைக்கு வருவோம். கோனிக்கும் ராட்லரும் கடற்கரையும் சமவெளியும் கண்டவர்கள். நீலகிரியின் உச்சிகளில் ஐரோப்பியர் குடியேறத் தொடங்கியதே 1819-ஐ ஒட்டித்தான். பழனிமலையை வார்டு என்பவர் அளந்தது 1821-இல். எனவே மலைப்பாதையின் பூக்கள் அடுத்த தலைமுறைக்கே காத்திருந்தன. அந்தத் தலைமுறையிலும் ஒரு போதகர் இருக்கிறார்: பெர்னார்டு ஷ்மிட். திருநெல்வேலிச் சபை வரலாற்றை அறிந்தோருக்கு ரேனியஸ் ஐயரின் உடன் ஊழியர் என்றால் விளங்கும். அவர் பின்பு நீலகிரிக்குச் சென்று தங்கினார். மலைப்பாதைகளில் நடந்து செடிகளைச் சேர்த்து ஜெர்மனியின் ஜெனா நகருக்கு அனுப்பினார். அங்கே பேராசிரியர் சென்கர் அவற்றை ஆராய்ந்து, ஷ்மிட்டின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய நூலை 1835 முதல் வெளியிட்டார். 1837-இல் சென்கர் இளவயதிலேயே இறந்துவிட்டார். நீலகிரியில் செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடெண்ட்ரான், ‘நிலகிரிகம்’ என்னும் பெயரைப் பெற்றது அந்த நூலின் வழியாகவே. அதன் நெருங்கிய உறவுமரங்கள் இருப்பது இமயமலையில். இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வெட்டவெளி! சுகவீனத்தோடு மலையேறிய ஒரு மிஷனரியின் தாள்கட்டு, அறிஞர்கள் இன்றும் யோசிக்கும் ஒரு கேள்வியின் பகுதியாயிற்று.

இவர்களைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். பாதையைக் காட்டியவர் யார்? சுமையைத் தூக்கியவர் யார்? ‘ஐயா, இது வேறு, அது வேறு’ என்று திருத்திய வாய் யாருடையது? தாள்களின் ஓரத்தில் அந்தப் பெயர்களைக் காண்பது அரிது. அந்த வகையில் என் மரியாதைக்குரியவர் போதகர் அல்லாத ஒருவர்: ராபர்ட் வைட் என்னும் கம்பெனி மருத்துவர். 1836-இல் பழனிமலையில் ஏறிச் செடி சேர்த்தவர். தம் நூல்களுக்குப் படம் வரைந்த ரங்கய்யா, கோவிந்து என்னும் இரு நம்மூர் ஓவியர்களின் பெயர்களை அவர் மறைக்கவில்லை. 1853-இல் ஓர் ஆர்க்கிட் செடிக்கு ‘கோவிந்தூயா’ என்றே பெயரிட்டார். அதுவும் நிற்கவில்லை. 1833-இல் வைத்த வேறொரு பெயர் முந்திக்கொண்டது. ஜெர்மானியப் போதகருக்கும் தென்னிந்திய ஓவியருக்கும் ஒரே சட்டம். அதில் பட்சபாதம் இல்லை.

குறிஞ்சியின் கதைக்கு வருகிறேன். அதற்கு 1832-இல் தாவரவியற்பெயர் வைத்தவர் நீஸ் வான் எசன்பெக் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர். இந்தியாவிலிருந்து சென்ற உலர்ந்த தாள்களைப் பார்த்து அவர் வைத்த பெயர் ‘ஃப்ளெபோஃபில்லம் குந்தியானம்’. முதற்சொல் கிரேக்கம், நரம்போடிய இலை என்று பொருள். அத்திமரத்தில் இலைகளை மட்டும் கண்டார் என்று மாற்கு எழுதும் இடத்தில் வரும் இலைதான் இந்த ‘ஃபில்லம்’. பெயரே ஓர் அடையாளம்: பூவை மட்டும் பாராதே, இலையைத் திருப்பி நரம்பைப் பார் என்கிறது. பின்னர் வந்தவர்கள் குறிஞ்சியை ‘ஸ்ட்ரோபிலாந்தஸ்’ என்னும் பெரிய பேரினத்துக்குள் சேர்த்தார்கள். அதுவும் கிரேக்கமே, பைன்காய் போல அடுக்கிய பூ என்று பொருள். அதில் வரும் ‘அந்தோஸ்’ பேதுருவும் யாக்கோபும் புல்லின் பூவைக் குறித்து எழுதும்போது பயன்படுத்திய அதே சொல். இந்தப் பேரினத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டும் பல இனங்கள் உள்ளன. பலவற்றின் பூ நீலமோ ஊதாவோ. பூக்கும் ஆண்டுக்கணக்கு ஒவ்வொன்றுக்கும் வேறு. வட்டக்கானல் சோலையில் நான் குறிஞ்சி என்று காட்டியது அந்த உடன்பிறப்புகளுள் ஒன்றாக இருந்திருக்கவேண்டும். நிறத்தை மட்டும் பார்த்தவனுக்கு நேர்ந்தது அது.

‘குந்தியானம்’ என்ற பின்சொல்லுக்கு ஒரு வழக்குக்கதை உண்டு. அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையால் வந்த பெயர் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது கார்ல் குந்த் என்னும் ஜெர்மானியத் தாவரவியலாரின் பெயர். குறிஞ்சிமலையில் அவர் கால் வைத்தவர் அல்லர். தென்னமெரிக்கச் செடிகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர். எனக்கு இதில் சற்று வருத்தம் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயரும் பாட்டும் உள்ள ஒரு பூ, தன்னைக் காணாத ஒருவரின் பெயரைச் சுமக்கிறது. ஆற்றுக்கதையைச் சொல்லுகிறவர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. கதையைத்தான் ஏற்க இயலவில்லை.

இங்கே நம் முன்னோரை நினைக்காமல் இருக்கமுடியாது. மலைநிலத்துக்கே இந்தப் பூவின் பெயரைச் சூட்டியவர்கள் அவர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொல்லுகிறார். குறுந்தொகையின் மூன்றாம் பாடல் காதலின் அளவைச் சொல்ல வந்தது. ஆயினும் போகிற போக்கில் குறிஞ்சியின் கொம்பு கரியது, பூவில் தேன் மிகுதி, நிற்பது மலைச்சரிவில் என்று மூன்று அடையாளங்களைத் தந்துவிடுகிறது. கேரட் விற்ற அம்மா எனக்குச் சொன்னதில் சரிவு அப்படியே இருந்தது. அவர் குறுந்தொகை படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பாடியவரும் அவரும் ஒரே மலையைப் பார்த்தவர்கள்.

2018 செப்டம்பரில் மறுபடியும் போனோம். முன்பு வந்தவர்களில் சிலர் இல்லை. ஒருவன் சிங்கப்பூரில், இருவர் துபாயில், ஒரு தங்கை திருமணமாகி நெய்வேலியில். கொடைக்கானலுக்கு மேலே ஒரு புல்மேட்டுச் சரிவில் அதைக் கண்டோம். அந்த அம்மா சொன்னபடியே இருந்தது: இடுப்பளவு, திறந்த வெயில், செடி செடியாக அல்ல, சரிவு சரிவாக. தேனீக்களின் இரைச்சல் பாதைவரை கேட்டது. பிள்ளைகளிடம் நான் வாய் திறக்கவில்லை. முதலில் இலையைத் திருப்பிப் பார்த்தேன். நரம்புகள் அழுத்தமாக ஓடின. பிறகுதான், “இருக்கலாம்” என்றேன். அவர்களுக்கு ஒரே சிரிப்பு.

1838 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்த வரிசையைச் சொல்லுவார்கள். 2006, 2018, அடுத்தது 2030. பூத்து விதை உதிர்த்தபின் செடி பட்டுப்போகும். ஒரே சமயத்தில் உண்டு தீர்க்கமுடியாத அளவுக்கு விதை சொரிவதால் கொஞ்சமாவது மிஞ்சும் என்று அறிஞர் ஒருவகை விளக்கம் தருகிறார்கள். விதை விழுந்தால் போதாது, விழ இடம் வேண்டும். குறிஞ்சி நின்ற புல்மேடுகளில் பெரும்பகுதி தேயிலைக்கும் யூகலிப்டசுக்கும் சீகை மரத்துக்கும் போய்விட்டது. புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணியவர்களே மரம் நட்டார்கள். தரிசு என்ற சொல் எங்கள் பகுதிக்கும் புதிதன்று.

இறங்கும்போது வட்டக்கானலில் அந்த அம்மாவைத் தேடினேன். கடை இருந்தது, மகள் இருந்தார். அம்மாவுக்கு மூட்டுவலி, குளிர் ஆகாது, கீழே வத்தலக்குண்டில் இருக்கிறார் என்றார். “பூவைப் பாத்தீங்களா?” என்று கேட்டார். பார்த்தோம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். யார் சொன்னதென்று அவருக்கு எப்படித் தெரியும்! இருந்தாலும் சொன்னேன்.

அந்தப் பயணத்திலிருந்து ஒரு தம்பி நோட்டுப்புத்தகம் ஒன்று வைத்திருக்கிறான். பகலில் வெல்டிங் வேலை; ஞாயிறு மாலை செடி. தேதி, இடம், ஊர்ப்பெயர், நூற்பெயர் என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறான். சித்திரைப்பேட்டை மணலில் படர்ந்த ஊதாப்பூக் கொடியின் பெயரை அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டான். “ஆட்டுக்கால் கொடி” என்றார். இலை ஆட்டுக்குளம்பு போலப் பிளந்திருப்பதைக் காட்டினார். சங்கப் பாடல்களின் அடும்பு அதுதான். லின்னேயஸ் 1753-இல் அதற்கு வைத்த பெயரும் இலத்தீனில் வெள்ளாட்டுக்கால் என்றே பொருள்படும். அன்று அவன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டான்.

அடுத்த பக்கத்தில் உப்பனாற்றங்கரைச் செடி ஒன்று இருக்கிறது. சிறிய மஞ்சள் பூ, சதைப்பற்றான இலை. மூன்றாவது கட்டத்தில் ஒன்றும் இல்லை, நான்காவதிலும் இல்லை. என்னிடம் கேட்டான். தெரியவில்லை என்றேன். மழைநீர் வடிந்தபின் தை மாதத்தில் குடிகாட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய் மறுபடியும் பார்ப்பதாக இருக்கிறோம்.